கோயில் மூலைப் பலகை

அந்த வாய்க்கால் நல்ல வாய்க்கால். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். தலைநகர் போர்ட் லூயியிலிருந்து இவ்வளவு தூரம் விசாரணைக்கென்று வந்தீர்கள். வந்த அன்றே வாய்க்கால் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினீர்கள். கட்டினவன் மேல்தான் தப்பு என்று உங்கள் உதவியாளர் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு மனம் நொந்துபோயிற்று. சின்னன் செத்ததற்கு ஓவர்சியர் ஆல்பெர்தான் காரணம், அவன் வேலை போகப் போகிறது என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அந்த ஆளுக்கு நாலு பெண்பிள்ளைகள். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் திருவேங்கடம். கிராம சபைக்கும் நான்தான் தலைவர், கோயிலுக்கும் நான்தான் தலைவர். இரண்டையும் நான் கேட்டு வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்த வாக்குமூலத்தை எங்கள் தெருப்பேச்சான கிரியோலில் சொல்லியிருக்கலாம். ஆனால் கிரியோலில் நான் எதைச் சொன்னாலும் கேட்பவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். பிரெஞ்சில் சொன்னால் பொய் சொல்வதுபோல எனக்கே படும். கோயில் பாடசாலையில் படித்த தமிழ்தான் எனக்கு மரியாதையான மொழி. அதனால் வெங்கடசுப்பிரமணியன் வாத்தியாரை மொழிபெயர்க்கக் கூட்டிவந்தேன். அவர் இந்தியாவிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, எங்கள் ஊர்ச் சண்டை எதிலும் அவருக்குப் பங்கில்லை. பதறாமல் எழுதுங்கள் வாத்தியாரே, நான் நிதானமாகத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஊருக்கு ரவின் செக் என்று பெயர். வறண்ட ஓடை என்று அர்த்தம். பெயர் வைத்த வெள்ளைக்காரன் ஜூலையில் வந்துவிட்டு ஜூலையிலேயே கிளம்பியிருப்பான். ஜனவரியில் வந்திருந்தால் அவன் நாற்காலியே மிதந்திருக்கும். மேலே எஸ்டேட்டின் கரும்புக்காடு. அங்கே பெய்கிற மழை முழுக்க ரோட்டைத் தாண்டி எங்கள் தலையில்தான் இறங்கும். ரோட்டை ஒட்டி மேல்தெரு, அங்கேதான் என் வீடு. அதற்குக் கீழே கோயில் திடல். திடலுக்கும் கீழே, ஓடைக்கரைப் பள்ளத்தில், தகரமும் பலகையுமாகக் கொஞ்சம் வீடுகள். அதைக் கீழ்வரிசை என்போம். கீழ்வரிசைக்காரர்கள் மேலே வர ஒரே வழி, கோயில் பின்மூலையில் இருக்கும் கல்படிகள். மற்ற பக்கமெல்லாம் ஓடை, தண்ணீர் வற்றிக் கிடந்தால் மட்டும் இறங்கிக் கடக்கலாம்.

கரோல் புயல் வந்து எல்லோர் வீட்டுக் கூரையையும் பொதுச்சொத்தாக்கிவிட்டுப் போன பிறகு, அரசாங்கத்துக்கு எங்கள் மேல் கருணை பிறந்தது. வெள்ள வடிகால் கட்ட அனுமதி கிடைத்தது. லண்டனில் பெரியவர்கள் எங்கள் தீவின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் இங்கே வாய்க்காலைப் பற்றிப் பேசினோம். எங்கள் பேச்சில் சத்தம் அதிகம். ஜில்லா சபை அனுப்பிய ஓவர்சியர்தான் ஆல்பெர். கறுத்து, உயர்ந்து, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பென்சில் வைத்திருப்பான். ரோட்டிலிருந்து தண்ணீரைக் கோயில் பின்மூலை வரை கொண்டுவந்து, அங்கே திருப்பி, கோயில் மதிலை ஒட்டியே ஓடைக்குக் கொண்டுபோய்விடுவது என்பது அவன் திட்டம். கீழ்வரிசையில் ஒரு சொட்டு இறங்காது.

நல்ல திட்டம்தான். ஒரே ஒரு சங்கடம். பெருமழை வந்தால் மதிலோரம் தண்ணீர் ததும்பிக் கோயில் திடலுக்குள் கணுக்கால் அளவுக்கு நிற்கும் என்றான். கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றான். அவன் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவன், அவனுக்கு என்ன தெரியும். அந்த மதிலோரம்தான் எங்கள் தீமிதிக் குழி. தீமிதி வருவது மழைக்காலத்தில்தான். விறகை எரித்துத் தணலாக்கி, விரதம் இருந்தவர்கள் நடக்கத் தயாராக நிற்கும்போது அதில் வாய்க்கால் தண்ணீர் புகுந்தால் எப்படி இருக்கும்?

ஆகவே நான் ஒரு சின்னத் திருத்தம் சொன்னேன். பின்மூலையில், வாய் சற்று மேடாக, இன்னொரு கிளை, நேராகக் கீழே. ஓடைப்பக்கக் கிளையின் வாயில் ஒரு மடைப்பலகை. பலகை மேலே இருந்தால் தண்ணீர் ஓடைக்குப் போகும். பலகையை இறக்கினால் கீழ்வரிசைக்குப் போகும். தீமிதி அன்று மட்டும் இறக்கிக்கொள்ளலாம். அன்றைக்குத்தான் கீழ்வரிசையில் குஞ்சு குளுவான்கூட வீட்டில் இருக்காதே, எல்லோரும் கோயிலில்தானே. கீழ்க்கிளை கீழ்வரிசை முற்றத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து ஓடைவரை நீட்டுவதை இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கீழ்வரிசைக்காரர்கள் தேர்தலில் எனக்கு ஓட்டுப் போடவில்லை என்பதற்கும் இரண்டாம் கட்டம் தள்ளிப்போனதற்கும் சம்பந்தம் இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

சபையில் எல்லோரும் கை தூக்கினார்கள். ஆல்பெர் மட்டும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "தெலோ பா கோன் வோத்தே, மிசியே பிரெசிதான்," என்றான். தண்ணீருக்கு ஓட்டுப்போடத் தெரியாது, தலைவரே என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தோம். வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னவன், கட்டு என்றதும் ஒழுங்காகக் கட்டினான். பலகை சுவரில் வெட்டிய காடியில் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒற்றை ஆள் ஒற்றைக் கையால் தூக்கலாம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி சின்னனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன் என் பாதங்களைப் பற்றி.

நாலு வருஷத்துக்கு முன் நானும் தீ மிதித்தேன். தலைவர் மிதித்தால் ஊருக்கு ஒரு முன்மாதிரி. விரதம் பத்து நாள். மீன் இல்லை, ரம் இல்லை, வெற்றிலைகூட இல்லை. ராத்திரி கோயிலில் பாயை விரித்துப் படுத்தேன். மனைவி சாப்பாடு கொண்டுவந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினேன். அவ்வளவு சுத்தமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. தணலில் இறங்கிய மூன்றாவது அடியிலேயே சுட்டுவிட்டது. இரண்டு பாதத்திலும் கொப்புளம். ஓடித்தான் தணலின் கடைசியில் இருக்கும் பால்குழியில் விழுந்தேன். எங்கள் ஊரில் கொப்புளத்துக்கு ஒரே அர்த்தம்தான், விரதத்தில் கள்ளம். வைத்தியன் வேண்டாம், சாட்சி வேண்டாம், பாதமே தீர்ப்புச் சொல்லிவிடும்.

எனக்குப் பின்னால் நடந்தவன் சின்னன். எஸ்டேட்டில் லாரிக்குக் கரும்பு ஏற்றுகிறவன், கல்யாணம் ஆகாதவன், கீழ்வரிசையில் கடைசி வீடு. ரொட்டி வாங்கக் கடைக்குப் போகிறவன் மாதிரி தணல் மேல் நடந்து வந்தான். ஒரு சிவப்புக்கூட இல்லை. அந்தச் சின்னன், விரதத்தின் ஏழாம் நாள் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து ரொட்டியில் டின் மீனை வைத்துச் சாப்பிட்டதை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். அப்போதே கேட்டேன். "அம்மன்கிட்ட சொல்லிட்டேன்ணே, பசி தாங்கலன்னு. அவங்க ஒண்ணும் நெனைக்கமாட்டாங்க," என்றான் வாய் நிறைய மீனோடு. இதை நான் வெளியில் சொல்ல முடியுமா? கொப்புளம் வந்தவன் கொப்புளம் வராதவன் மேல் குற்றம் சொன்னால் எவன் கேட்பான்.

அதற்குப் பிறகு அவன் என்னை எங்கே பார்த்தாலும், தொப்பியை எடுத்துவிட்டு, "கி மானியேர் ஊ லிபியே, பிரெசிதான்?" என்பான். கால் எப்படி இருக்கிறது, தலைவரே. மரியாதையாகத்தான் கேட்பான், குறை சொல்ல முடியாது. பஸ் நிறுத்தத்தில் கேட்டான். என் மகள் கல்யாணத்தில் சம்பந்திகள் எதிரே கேட்டான். வாய்க்காலுக்கு முதல் கல் வைத்த அன்று, ஜில்லா சபைக்காரர்கள் எல்லோரும் நிற்க, கூட்டத்தின் பின்னாலிருந்து கேட்டான். ஜில்லா சபைப் பெரியவர் அக்கறையோடு என் பக்கம் திரும்பி, என்ன ஆயிற்று காலுக்கு என்று விசாரித்தார். ஊரே குலுங்கிச் சிரித்தது. வாத்தியாரே, அன்று எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்தாறு வயதில், பேரன் எடுத்தவனுக்கு, சிமெண்டுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுகை வந்தது. அதற்காக அவன் மேல் பகை வைத்தேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

இந்த வருஷம் தீமிதிக்குக் கொடி ஏறிய பிறகு, பாம்பூ என்ற ஊரில் சின்னனுடைய சித்தப்பா இறந்துபோனார். பங்காளிச் சாவு. சின்னனுக்குத் தீட்டு. இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லாமல் பிரிந்து வெகுகாலம் ஆயிற்று, தலை முழுகினால் போதும், பையன் நடக்கட்டும் என்று கமிட்டியில் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். பூசாரியும் தலையைச் சொறிந்தார். நான் சொன்னேன், விதி எல்லோருக்கும் ஒன்றுதான். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அவன் கோயில் எல்லைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. அவன் அக்கா கண்ணம்மா கட்டிக்கொடுத்த பெண், வேறு வீட்டுக்காரி, அவளுக்குத் தீட்டு இல்லை. புருஷனுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள், அவள் நடக்கலாம் என்றேன். எவ்வளவு நியாயமாகப் பிரித்தேன் பாருங்கள்.

தீட்டு என்று நானே போய்ச் சொன்னபோது சின்னன் தகராறு செய்வான் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். "அக்கா மொத தடவை நடக்கறாண்ணே. நான் பக்கத்துல இருக்கறதாச் சொல்லியிருந்தேன்," என்றான். அன்று மட்டும் அவன் என் காலைப் பற்றிக் கேட்கவில்லை. தன் கால் விஷயத்தில் அம்மனிடம் சலுகை கேட்பான். அக்கா கால் விஷயத்தில் கேட்கமாட்டான். அவன் சுபாவம் அது என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

தீமிதி அன்று எங்கள் ஊரில் தூறல்தான். ஆனால் மேலே கரும்புக்காட்டுப் பக்கம் மலையே தெரியாமல் கறுத்துக் கிடந்தது. விரதக்காரர்கள் ஆற்றில் குளித்து, மஞ்சள் துணி கட்டி, கரகத்தோடு ஊர்வலமாக வந்துகொண்டிருந்தார்கள். குழியில் தணல் பரப்பியாயிற்று. அப்போது வாய்க்காலில் சத்தம் மாறியது. பழுப்புத் தண்ணீர், கரும்புச் சோகையையும் வேரையும் சுருட்டிக்கொண்டு வந்தது. மதிலோரம் ததும்ப ஆரம்பித்ததும் கமிட்டி முழுக்க என்னைச் சூழ்ந்துகொண்டது. "பலகையைப் போடுங்க தலைவரே," என்றார்கள். கீழ்வரிசைக்காரர்களும்தான் சொன்னார்கள். பானை சட்டி போனால் போகட்டும், தணல் அணையக் கூடாது என்றார்கள். ஊரே கேட்டது. நானாகப் போடவில்லை.

அதற்குள் ஊர்வலம் திடலுக்கு வந்துவிட்டது; கண்ணம்மா மட்டும் ஈரப் புடவையோடு வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "தம்பி கீழ வீட்டுல இருக்கானேண்ணே," என்றாள்.

"காலையிலேயே பஸ் ஏறி பாம்பூவுக்குப் போய்ட்டான்மா. சாவு வீட்டுக்கு. நீ அம்மன நெனச்சுக்கிட்டு நட," என்றேன்.

அது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

பின்மூலைக்குப் போய்ப் பலகையை இறக்கினேன். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. தண்ணீர் ஒரு கணம் யோசித்துவிட்டு, கீழே பாய்ந்தது. மதிலோரம் அப்படியே வடிந்து, திடல் காய்ந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கமாட்டேன். நான் நினைத்த இடத்துக்கு, நான் நினைத்த நேரத்தில், நான் நினைத்த அளவு தண்ணீர். உங்கள் சாக்பீஸ் கோட்டுக்கு இதெல்லாம் தெரியாது. எல்லோரும் குழிப்பக்கம் ஓடிப்போனார்கள், மேளம் உச்சத்துக்கு ஏறியது. மூலையில் நான் ஒருவன்தான் நின்றேன். பலகைக்கு ஓர் ஆள் காவல் வேண்டுமல்லவா.

கீழ்வரிசையில் கொஞ்ச நேரம் முற்றம் மட்டும் நிறைந்தது. பிறகு ஓடையும் கரை தாண்டி மறுபக்கமிருந்து வந்தது. இரண்டும் நடுவில் சந்தித்துக்கொண்டன. கடைசி வீட்டின் கதவு திறந்தது. சின்னன் இடுப்பளவு தண்ணீரில், கையால் துழாவிக்கொண்டே படிக்கு வந்து சேர்ந்தான். பாதிப் படி ஏறி என்னைப் பார்த்தான்.

"அண்ணே, பலகையத் தூக்குங்க. வீடு போவுது."

"ஆள் குழியில எறங்கியாச்சு சின்னா. இப்ப தூக்கினா தண்ணி தணலுக்குள்ள போயிடும்."

அதை அவன் ஒப்புக்கொண்டான். ஒரு கேள்வி கேட்கவில்லை. "சரி, அப்ப நான் மேல வந்துடறேன்," என்று அடுத்த படியில் கால் வைத்தான்.

நான் கையை உயர்த்தினேன். இவ்வளவுதான் நான் செய்தது. அவனைத் தள்ளவில்லை, தொடக்கூட இல்லை. தொட்டால் எனக்கும் தீட்டு.

"சின்னா, உனக்கு நாள் முடியல. ஒன் அக்கா தணல் மேல நிக்கறா. நீ எல்லைக்குள்ள வந்தா அவ காலு என்ன ஆவும்னு உனக்கே தெரியும்."

அவன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். கண்ணம்மா கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு குழியோரத்தில் நின்றாள். அவள் முறை வந்துவிட்டது.

"நான் இந்தப் படியிலயே நிக்கறேண்ணே. மேல வரல."

படிகளைக் கட்டியது கோயில் கமிட்டி. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"படியும் கோயில் எடந்தானே சின்னா," என்றேன்.

குரலை உயர்த்தவே இல்லை. அண்ணன் தம்பியிடம் சொல்வதுபோலத்தான் சொன்னேன். அவன் தன் காலைப் பார்த்தான். படியில் வைத்திருந்த காலைச் சட்டென்று எடுத்துக்கொண்டான். கோயில் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "எவ்ளோ நேரம்ணே ஆவும்?" என்று கேட்டான். அவள் பாலில் கால் வைத்ததும் கூப்பிடுகிறேன் என்றேன். முற்றத்து மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினான். தண்ணீர் இப்போது அவன் மார்புக்கு இருந்தது.

கண்ணம்மா நன்றாக நடந்தாள். அவசரமே இல்லாமல், தம்பி மாதிரியே நடந்தாள். பாலில் கால் வைத்தாள், பெண்கள் குலவை போட்டார்கள். நான் கூப்பிடவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் நடக்க வேண்டியிருந்தது, விதி எல்லோருக்கும் ஒன்று என்று ஏற்கெனவே சொன்னேன். மாமரம் சாய்ந்த சத்தம் மேளத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. பிறகு பலகையைத் தூக்கினேன், திடலுக்குப் போனேன், கண்ணம்மா தன் பாதத்தைத் திருப்பி எனக்குக் காட்டினாள். ஒரு கொப்புளம் இல்லை. அவள் சந்தோஷத்தில் அழுதாள். அவளைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது, அது நடிப்பில்லை. மறுநாள் சின்னனை ஓடைமுகத்தில் மூங்கில் புதரிலிருந்து எடுத்தார்கள். மீதியெல்லாம் உங்களிடம் இருக்கிறது.

அவ்வளவுதான். ஆல்பெரை விட்டுவிடுங்கள். வாய்க்காலின் மேல் ஒரு குற்றமும் இல்லை. பலகையை இறக்கியது நான், அவன் உள்ளே இருப்பது தெரிந்தே இறக்கினேன், ஏறி வந்தவனைத் திருப்பி அனுப்பியதும் நான். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

வாத்தியார் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்க்கிறார். அவர் தமிழில் கேட்பது உங்களுக்குப் புரிந்திருக்காது, நானே சொல்லிவிடுகிறேன். தீட்டுக்காரன் படியில் நின்றால் நடப்பவளுக்குக் கால் வெந்துபோகும் என்று நீங்கள் நிஜமாகவே நம்பினீர்களா என்று கேட்கிறார். படித்தவர், சரியான இடத்தில்தான் கை வைக்கிறார். இல்லை வாத்தியாரே. டின் மீன் தின்றவன் சுடாமல் வந்ததையும், பட்டினி கிடந்த நான் வெந்துபோனதையும் பார்த்த அன்றே எனக்கு அதெல்லாம் விட்டுப்போயிற்று. சின்னன் நம்பினான், அதனால் இறங்கிப் போனான். நான் நம்பவில்லை.

இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் கோயில் தலைவர். ஊர் என்னைப் பற்றி என்ன நினைக்கும்.